ஏற இறங்கப் பார்த்தவள்

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச காலத்திலேயே அது காணாமல் போய்விட்டது. வானிலை அலுவலகத்தின் கணக்கு இயந்திர அறையில், வாசல் காவலாளியிலிருந்து தலைமை இன்ஜினியர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் 'சோதனை அக்கா'. அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூடக் கூச்சமில்லாமல் அக்கா என்றார்கள். பஸ் கண்டக்டரான அவள் வீட்டுக்காரருக்கு இந்தப் பெயரில் ஏகப்பட்ட குஷி. "சோதனையையே கட்டிக்கிட்டவன் நான், எனக்கு இனிமே எதைக் கண்டு பயம்?" என்று டிக்கெட் கிழித்துக்கொண்டே பயணிகளிடம் சொல்லுவார்.

பெயருக்குக் காரணம் அவள் வேலை. அந்தக் காலத்துக் கணக்கு இயந்திரம் மேஜைமேல் வைக்கிற சமாசாரம் இல்லை. நாலு வகுப்பறையைச் சேர்த்தால் எவ்வளவோ அவ்வளவு பெரிய அறை, சுவர் சுவராக இரும்பு அலமாரிகள், அலமாரி நிறையக் கண்ணாடி வால்வுகள். பழைய ரேடியோவைத் திறந்து பார்த்தவர்களுக்கு வால்வு தெரிந்திருக்கும். கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு கண்ணாடிக் குமிழ். உள்ளே பொட்டுக் காற்று கிடையாது. நடுவே ஒரு கம்பி சிவப்பாகக் கனன்றுகொண்டிருக்கும். ரேடியோவில் அதற்குப் பாட்டு வேலை. இங்கே சுவிட்ச் வேலை. வீட்டுச் சுவிட்சை நாம் விரலால் தட்டுகிறோம். இங்கே மின்சாரத்தை மின்சாரமே தட்டும். ஒரு சின்ன துடிப்பு வந்து 'விடு' என்றால் வால்வு விடும், 'நில்' என்றால் நிறுத்தும். நாம் ஒரு தரம் கண்ணை மூடித் திறப்பதற்குள் பல்லாயிரம் தடவை விட்டு நிறுத்திவிடும். இப்படி ஓர் அறை நிறைய வால்வுகள் விட்டும் நிறுத்தியும்தான் நாளைக்குக் காற்று எந்தப் பக்கம், மழை உண்டா இல்லையா என்று கணக்குப் போட்டன. அத்தனையில் ஒன்றே ஒன்று சோம்பினால் போதும், மழை வெயிலாகிவிடும்.

சோம்பவும் செய்யும். வால்வுக்கு அது ஒரு கெட்ட குணம்: சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். சுத்தமாகப் போனாலாவது தேவலை, உள்ளே கனல் அணைந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். பாதி போனது இருக்கிறதே, அதுதான் ஆளைக் கவிழ்க்கும். பார்த்தால் மற்றதைப் போலவே சமர்த்தாகக் கனன்றுகொண்டிருக்கும். கூப்பிட்ட போதெல்லாம் வரும், ஒரே ஒரு தரம் வராது.

அதைக் கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. காலையில் நிஜக் கணக்கு தொடங்குவதற்கு முன்னால் விடை தெரிந்த கணக்கு ஒன்றை இயந்திரத்துக்குக் கொடுப்பாள். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு திருகைப் பிடித்து மின்னழுத்தத்தை மெள்ள மெள்ள இறக்குவாள். தெம்பான வால்வுகள் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்யும். உள்ளுக்குள் நொந்திருப்பது தாங்காமல் விழுந்துவிடும். விடை தப்பாக வரும். எந்த வரிசை என்று தேடிப்போய், சூட்டுக்குத் துணி சுற்றிய கையால் அதைப் பிடுங்கித் தகர டப்பாவில் போட்டுவிட்டுப் புதுசு மாட்டுவாள். அப்புறம் அழுத்தத்தை ஏற்றியும் ஒரு தரம் பார்ப்பாள். ஏற்றி இறக்கிப் பார்ப்பதால் அந்த அறையில் இதற்கு 'ஏற இறங்கப் பார்ப்பது' என்று பெயர். வெளியே ஒருத்தரை ஏற இறங்கப் பார்த்தால் சண்டைக்கு வருவார்கள். அவளுக்கு அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. காரணம் கெட்டிக்காரத்தனம் மட்டும் இல்லை, பயம். பயந்தவர்களுக்கென்றே செய்து வைத்த வேலை அது.

அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தபோது ஒரு நாள் மத்தியானம் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மா கொடிக்கு அடியிலேயே சரிந்துவிட்டாள். அதற்கப்புறம் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் அத்தனை பேரும், சொல்லி வைத்த மாதிரி, ஒன்றையேதான் சொன்னார்கள்: "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தாங்க." இடுப்பில் தம்பியைத் தூக்கி வைத்துக்கொண்டு அவள் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆறுதலாகச் சொன்னதுதான். அவளுக்கு அது முள்ளாக உள்ளே தங்கிவிட்டது. நல்லாத்தான் இருந்தாங்க என்றால் யாருமே சரியாகப் பார்க்கவில்லை என்றுதானே அர்த்தம்? முன்கூட்டியே தெரிந்திருந்தால்?

பெரியவளாகி இந்த அறைக்குள் வந்து, முன்கூட்டியே தெரிந்துகொள்வதற்கு ஒரு திருகு உண்டு என்று பார்த்த அன்றைக்கு அவளுக்கு அழுகை வந்துவிட்டது. புழுதி என்று சொல்லிச் சமாளித்தாள்.

அலுவலகத்தில் கற்றதை அலுவலகத்திலேயே விட்டுவிட்டு வருகிறவர்கள் புண்ணியவான்கள். அவள் வீட்டுக்கும் கொண்டு வந்தாள். நாற்காலியில் உட்காருவதற்கு முன் ஆட்டிப் பார்ப்பாள். பூட்டைப் பூட்டிவிட்டுத் தொங்கிப் பார்ப்பாள். வீட்டுக்காரரை ஆற அமர டீ குடிக்க விடாமல், "நான் படுத்த படுக்கையாயிட்டா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்பாள். நல்ல பதில் வருகிறதா என்று பார்க்க அல்ல, எந்த இடத்தில் மனிதர் சலித்துக்கொள்கிறார் என்று பார்க்க. அவரா சிக்குவார்? "பழைய பஸ் மாதிரி தள்ளித் தள்ளி ஓட்டவேண்டியதுதான்" என்பார். அவர் எந்த அழுத்தத்திலும் விழாத ஜாதி வால்வு.

தம்பி அப்படி இல்லை.

அம்மா போனபின் அவள்தான் அவனைக் குளிப்பாட்டி, சோறூட்டி, தலை வாரி ஆளாக்கினாள். தையல் மிஷின் ரிப்பேரில் அவனுக்கு நல்ல கை. ஊசி விழும் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லிவிடுவான். வாலிபத்தில் குடிக்க ஆரம்பித்தான். எல்லோரும் சாயங்காலம் கொஞ்சம் குடிக்கிறார்களே என்பதாகத் தொடங்கி, காலையில் பல் விளக்குவதற்கு முன்னாலும் வேண்டும் என்பதில் வந்து நின்றது. வேலை போயிற்று, பெண் பார்த்து வைத்திருந்தது போயிற்று, கடைசியில் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது. குடியை நிறுத்துகிற வார்டில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மழைக்காலம் முழுக்க அங்கே கிடந்து, துவைத்துக் காயப்போட்ட துணி மாதிரி வெளிறித் திரும்பி வந்தான்.

அனுப்பும்போது டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "இப்போ நல்லா இருக்கார். வீட்டுல சண்டை சச்சரவு இல்லாம பாத்துக்குங்க. பழசைக் கிளறாதீங்க. கண்ணெதிர்ல எதுவும் வைக்காதீங்க."

அவள் தலையாட்டினாள். காதில் விழுந்தது முதல் வாக்கியம் மட்டும். இப்போ நல்லா இருக்கார். நேற்று வரைக்கும் நல்லாத்தான் இருந்தாங்க.

பின்பக்க அறையை அவனுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். ஜன்னலோரம் ஒரு மேஜை போட்டு மிஷின்களைப் பிரித்து வைத்துக்கொண்டு வேலை செய்தான். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து மிஷின் வர ஆரம்பித்தது. கை நடுக்கம் நின்றது. சாப்பிட்டான், தூங்கினான், மாமாவோடு சேர்ந்து சிரித்தான். அவள் மட்டும் மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்ட மாதிரி அலைந்தாள். வெளியே போய்விட்டு வந்தால், "இந்தா, இந்த டம்ளரைப் பிடி" என்று ஏதாவது சாக்குச் சொல்லிக் கிட்டே வரவழைத்து மோந்து பார்ப்பாள். நாற்றம் இல்லை. அதனால் நிம்மதி வந்ததா என்றால் அதுவும் இல்லை. பாதி போன வால்வும் பார்க்க நன்றாகத்தானே கனலும்?

அப்படித்தான் ஏற இறங்கப் பார்க்க ஆரம்பித்தாள்.

முதலில் சின்னச் சின்னதாக. மூலைக் கடைக்குத் தீப்பெட்டி வாங்க அனுப்புவாள். அந்தக் கடையை ஒட்டித்தான் சாராயக்கடை. போய்த் தீப்பெட்டியோடு வருவான். அடுத்து வாயைப் பிடுங்கினாள். "அப்பா கடைசியா மூச்சு இழுத்துக்கிட்டுக் கிடந்தப்போ உன்னைத் தேடினார். நீ எங்கே விழுந்து கிடந்தே, ஞாபகம் இருக்கா?" என்று ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரியான கேள்வி. அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "இருக்குக்கா" என்றான். மிச்சத்தைச் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குப் போனான். அவள் கதவோரம் நின்று காது கொடுத்துக் கேட்டாள். மிஷின் சத்தம்தான் வந்தது.

"ஏம்மா, அவன் பாட்டுக்கு இருக்கான். எதுக்குச் சும்மா சும்மா குத்திக்காட்டறே?" என்று வீட்டுக்காரர் கேட்டார். அவர் கோபமாகப் பேசி அவள் கேட்டதில்லை; அன்றைக்குக் குரலில் கொஞ்சம் இருந்தது.

"விழறதா இருந்தா இப்பவே விழட்டுமே. நாம பக்கத்துல இருக்கும்போதே விழட்டும்."

"விழாமலே இருந்துட்டா?"

விழாமல் இருப்பது என்பது இன்னும் போதுமான அளவு இறக்கவில்லை என்பதுதான் அவள் தொழில் கற்றுக்கொடுத்த பாடம். திருகு இன்னும் கொஞ்சம் கீழே போகும்.

போயிற்று. ஒரு நாள் அலுவலகத்திலிருந்து வருகிற வழியில், தன்னை யாருக்கும் தெரியாத ஒரு தெருவில் இறங்கிச் சாராயக்கடைக்குள் நுழைந்தாள். உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் அவளை ஏற இறங்கப் பார்த்தார்கள். கடைக்காரன் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, "வழி கேக்க வந்தீங்களா?" என்றான்.

"இல்ல. ஒரு பாட்டில் வேணும். முழங்கால்ல தேய்க்க."

"தேய்க்கவா? அதுக்கு மட்டமானதே போதுமே."

"இல்ல இல்ல, நல்லதாவே குடுங்க" என்றாள் பதறிப்போய். சோதனைக் கணக்கு நிஜக் கணக்கு மாதிரியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சோதனைக்கே அர்த்தம் இல்லை. மூலையில் ஒருவன், "அந்த முழங்காலுக்கு வந்த யோகத்தைப் பாரேன்" என்று சொல்ல, கடையே சிரித்தது. காது மடல் எரிய வெளியே வந்தாள்.

எங்கே வைப்பது என்பதில் அவள் யோசிக்கவே இல்லை. குடித்துக்கொண்டிருந்த காலத்தில் தம்பி பாட்டிலை எங்கே ஒளிப்பான் என்று அவளுக்கு அத்துப்படி. பழைய பனியனில் சுற்றி, எண்ணெய் துடைக்கிற பஞ்சு மூட்டைக்குள் கை முழங்கை வரை போகும் ஆழத்தில் செருகுவான். எத்தனை தடவை தேடி எடுத்துக் கொட்டியிருக்கிறாள்! அதே மாதிரி அவனுடைய பழைய பனியன் ஒன்றில் சுற்றினாள். மறுநாள் காலையில் அவன் குளிக்கப் போயிருந்தபோது பின்பக்க அறைக்குள் போய், அதே ஆழத்தில் செருகிவிட்டு, கை கழுவிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். அன்றைக்கு அவனுக்கு எண்ணெய் போடுகிற வேலை நிறைய இருந்தது. பஞ்சு எடுக்காமல் முடியாது.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் இறங்கிப் போய் எடுத்துவிடலாமா என்று ஒரு தரம் வாசல் பக்கம் பார்த்தாள். சோதனை என்றால் அப்படித்தான், முடிவு தெரியும் வரை மனசு அடித்துக்கொள்ளும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சாயங்காலம் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒன்று, மூடி உடைந்திருக்கும். அல்லது உடைந்திருக்காது. இரண்டில் எதுவானாலும் தெரிந்துவிடும்.

இயந்திர அறைக்குள் நுழைந்தபோது வழக்கமான சூடும், காய்ந்த தூசி வாசனையும், காற்றாடிகளின் இரைச்சலும் அவளை வரவேற்றன. சோதனைக் கணக்கை எடுத்துக்கொண்டு திருகுப் பக்கம் போனாள். ஸ்டோர் கிளார்க் குறுக்கே வந்து கையை நீட்டி மறித்தார்.

"அக்கா, இன்னைக்கு யாரையும் ஏற இறங்கப் பாக்காதீங்க. வால்வுப் பெட்டி இன்னும் கப்பல்லயே இருக்காம். டிராயர்ல ஒண்ணுகூட இல்ல. நீங்க பாட்டுக்கு இறக்கி, அது விழுந்துட்டா, எதை எடுத்து மாட்டுவீங்க?"

"எனக்கே சொல்லித் தரீங்களா? மாத்து இல்லாத அன்னைக்கு ஏற இறங்கப் பாக்கக் கூடாதுன்னு போர்டு எழுதி மாட்டினதே நான்தானே. நொந்துபோன வால்வுகூட இருக்கிற இடத்துல விட்டா எத்தனையோ நாள் ஓடும். கையில வேற வெச்சுக்காம இறக்கிப் பாக்கறவன் முட்டா..."

கண் டிராயர் பக்கம் போயிற்று.

டிராயர் திறந்து கிடந்தது. உள்ளே வால்வு வைக்கிற அட்டைக் குழிகள் வரிசையாகக் காலி. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஸ்டோர் கிளார்க் என்னவோ கேட்டார். காதில் விழவில்லை. தலையில் ஓடியதெல்லாம் ஒன்றுதான்: அவன் குடித்துவிட்டால் நான் என்ன செய்வேன்? இத்தனை நாளும் அவனை இறக்கி இறக்கிப் பார்த்தாளே, விழுந்தால் அடுத்தது என்ன என்று ஒரு தரமாவது யோசித்தாளா? தெரிந்துவிடும், தெரிந்துவிடும் என்றாளே, தெரிந்து? இங்கே விழுந்ததைப் பிடுங்கித் தகர டப்பாவில் போடுவாள். அவனை எங்கே போடுவாள்? அவனுக்குப் பதிலாக யாரைக் கொண்டுவந்து அந்த ஜன்னலோரம் உட்கார வைப்பாள்?

நேராக இன்ஜினியரிடம் போனாள். "நான் உடனே வீட்டுக்குப் போகணும், சார். அடுப்பை அணைக்காம வந்துட்டேன்."

அறையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சோதனை அக்காவாவது அடுப்பை அணைக்காமல் வருவதாவது! சூரியன் மறந்தாலும் மறக்கும். ஆனால் அவள் முகம் பேயறைந்த மாதிரி இருந்ததால் யாரும் சிரிக்கவில்லை. "போயிட்டு வாங்க" என்றார் இன்ஜினியர்.

அந்த பஸ் மாதிரி மெதுவாக ஒரு பஸ் அதற்கு முன்னும் ஓடியதில்லை, பின்னும் ஓடியதில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாரோ மூட்டையை ஏற்றினார்கள், யாரோ குழந்தையை இறக்கினார்கள். அவள் முன் சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்தபடி, கடவுளே, அவன் இன்னும் எண்ணெய் போட ஆரம்பித்திருக்கக் கூடாது, இன்னும் பஞ்சு எடுத்திருக்கக் கூடாது என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். தெருமுனையில் இறங்கியதும் கால் தானாகச் சாராயக்கடைப் பக்கம் போயிற்று. எட்டிப் பார்த்தாள். அவன் இல்லை. அந்த நிம்மதி நாலு எட்டு வைப்பதற்குள் தீர்ந்துவிட்டது. வெளியே போய் வாங்க வேண்டிய அவசியம் அவனுக்கு ஏது? அக்காதான் வீடு தேடிக் கொண்டுவந்து வைத்திருக்கிறாளே.

முன் கதவு சாத்தியிருந்தது. மிஷின் சத்தம் இல்லை.

பின்பக்க அறைக்குள் போனாள். தம்பி கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் வார்டிலிருந்து கொண்டுவந்த பை. சட்டைகள் மடித்து வைத்து நிரம்பியிருந்தது. மேஜைமேல், பிரித்துப் போட்ட மிஷினுக்குப் பக்கத்தில், பனியனும் பாட்டிலும். மூடி உடைக்காமல் அப்படியே இருந்தது.

தேறிட்டான்!

அதுதான் முதலில் வந்தது. பல வருஷப் பழக்கம், வேறெது வரும்? நெஞ்சுக்குள் ஒரு கணம் ஜிலுஜிலுவென்று சந்தோஷம். அப்புறம்தான் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நல்ல வேளை வந்துட்டே. உன்கிட்டே சொல்லாம போக மனசு வரல" என்றான். "நான் வார்டுக்கே திரும்பிப் போறேன்க்கா."

"ஏன்டா?"

"பாரு." பாட்டிலைக் கையால் தொடாமல் முகவாயால் காட்டினான். "மூட்டைக்குள்ள இருந்தது. என் பனியன்லயே சுத்தி, நான் வெக்கற மாதிரியே. நான் எப்போ வாங்கினேன், எப்போ வெச்சேன், ஒண்ணுமே ஞாபகம் இல்லக்கா. முன்னாடியாவது வாங்கினது ஞாபகம் இருக்கும், குடிச்சது மறந்துடும். இப்போ வாங்கினதே மறந்து போச்சுன்னா மூளையே போயிடுச்சுன்னுதானே அர்த்தம்?"

"மூடியைப் பாரு, உடைக்கவே இல்லையே" என்றாள் அவள்.

"இதை உடைக்கல. இதுக்கு முன்னாடி எத்தனை உடைச்சேனோ? உங்களுக்குத் தெரியாம குடிக்கறது பழைய கதை. எனக்கே தெரியாம குடிக்கறேன் போலிருக்கு." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "காலைலேர்ந்து இங்கேயே உக்காந்து யோசிச்சுப் பாத்துட்டேன். நான் தேற மாட்டேன். நீ ரொம்பப் பாடுபட்டுட்டே."

அவனுக்கு அக்காமேல் சந்தேகமே வரவில்லை. உலகத்தில் யார் யார்மேலோ சந்தேகம் வரலாம், தன்மேலேயே வந்துவிட்டது, அக்காமேல் மட்டும் வரவில்லை. அதுதான் அவளைக் கொன்றது.

பொய் ஒன்று நாக்கு நுனியில் தயாராக நின்றது. மிஷின் கொடுக்க வந்தவர் யாராவது விட்டுவிட்டுப் போயிருப்பார், மாமாவுக்கு யாராவது கொடுத்திருப்பார்கள். அவன் நம்பக்கூடச் செய்வான். நம்பினாலும் ஓர் ஓரத்தில் அரிக்கும், பனியன் அவனுடையதாயிற்றே. உண்மையைச் சொன்னால் இவன் இனி அவளை அக்கா என்று கூப்பிடுவானா? கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அதை நான்தான்டா வெச்சேன்."

அவனுக்குப் புரியவில்லை. "எதை?"

"பாட்டிலை. நேத்து நான்தான் கடைக்குப் போய் வாங்கினேன். உன் பனியன்ல நான்தான் சுத்தினேன். இன்னைக்குக் காலைல நீ குளிக்கப் போனப்போ வெச்சேன். நீ குடிக்கறியா இல்லையான்னு பாக்கறதுக்கு."

அவன் பாட்டிலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்போ நான் வாங்கலையா?"

"இல்லடா."

"சத்தியமா?"

"அம்மா சத்தியமா. நீ வாங்கல. உனக்கு ஒண்ணும் ஆகல. உன் மூளை நல்லாத்தான் இருக்கு."

"நான் வாங்கல" என்று அவன் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டான். சொல்லிக்கொண்டே முகத்தைக் கையால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அவள் எதிர்பார்த்துப் பயந்தது அவன் கோபத்தை. கோபத்தில் நாலு வார்த்தை கேட்டிருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பாள், மனம் ஆறியிருக்கும். அவன் நன்றி சொல்லுவதுபோல அழுதான். பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது பெரிய தண்டனையாக இருந்தது.

அழுது ஓய்ந்ததும் பனியனால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "எதுக்குக்கா?" என்றான். இப்போதுதான் கேட்கத் தோன்றியது போலிருக்கிறது.

"பயம்டா. வேறென்ன? முன்னாடியே தெரிஞ்சுட்டா பரவாயில்லைன்னு ஒரு பைத்தியக்காரத்தனம்."

"நாளைக்கு நான் குடிப்பேனா மாட்டேனான்னு எனக்கே தெரியாதுக்கா" என்றான் அவன். குரலில் காரம் இல்லை. மிஷினில் என்ன கோளாறு என்று சொல்லுகிற மாதிரி சொன்னான். "தெனம் எழுந்திருக்கும்போது தெரியாது. இன்னைக்கு ஒரு நாள் வேண்டாம்னு சொல்லிக்கிட்டுத்தான் எழுந்திருக்கேன். எனக்கே தெரியாதது உனக்கு மட்டும் எப்படிக்கா முன்னாடியே தெரியும்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இதை நீயே கொட்டிடு. என்னால முடியாது, மூடியைத் திறந்தா வாசனை வரும். நான் கொஞ்சம் நடந்துட்டு வரேன்."

எங்கே என்று கேட்க வாயெடுத்தவள், பல்லைக் கடித்துக்கொண்டு அதை விழுங்கினாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். பையை எடுக்கவில்லை. அவள் பாட்டிலைக் குளியலறைக்குக் கொண்டுபோய்க் கொட்டி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். தெரு ஜன்னல்வரை ஒரு தரம் போனாள். அவன் முனையில் எந்தப் பக்கம் திரும்பினான் என்று பார்க்காமலே திரும்பி வந்தாள். அது அவள் வாழ்க்கையிலேயே கஷ்டமான காரியம்.

பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்காரர் டிக்கெட் பையைத் தோளில் போட்டபடி வந்தார். "தம்பி எங்கே?"

"தெரியலைங்க."

அவர் திடுக்கிட்டுப் போனார். அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து அவர் கேட்டதே இல்லை. வாசற்படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவருமாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விளக்குப் போடுகிற நேரத்துக்குத் தம்பி வந்து சேர்ந்தான், செருப்பெல்லாம் புழுதியாக. அன்றைக்கு ராத்திரி அவள் என்ன சமைத்தாள் என்று மூன்று பேருக்கும் ஞாபகம் இல்லை, உப்பு போடவில்லை என்பது மட்டும் ஞாபகம்.

அதற்கப்புறம் அவன் விழவே இல்லை என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். விழுந்தான். அடுத்த வருஷக் கோடையில், யாரும் எதையும் ஒளித்து வைக்காத ஒரு சாதாரண நாளில், மிஷின் கொடுக்கப் போன இடத்தில் யாரோ ஊற்றிக் கொடுத்தார்கள், குடித்துவிட்டான். பழைய நாளாக இருந்தால் எங்காவது போய் விழுந்து கிடந்து, ஆள் விட்டுத் தேடவேண்டி வந்திருக்கும். இந்தத் தடவை பட்டப்பகலில் தானாகவே வந்து வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை நிமிர்த்தாமல், "அக்கா, விழுந்துட்டேன்க்கா. நீயா கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடணும்னு வந்தேன்" என்றான்.

இத்தனை வருஷம் எந்த நாளுக்காகப் பயந்து பயந்து செத்தாளோ, அந்த நாள் வாசலில் வந்து நிற்கிறது. அவள் கதவின் இன்னொரு பக்கத்தையும் திறந்தாள்.

"வெயில்ல நிக்காதே, உள்ளே வா" என்றாள். "ஏதாவது சாப்பிட்டியா?"